எல்லோருக்கும் அலர்ஜி

சனிக்கிழமை காலை அமெரிக்காவில் இருக்கும் எங்கள் டப்ளினில் காப்பிக் கடை வாசலில் கூடும் தமிழ் சைக்கிள் வீரர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவரை நல்லது. தொப்பையை இறுக்கிப் பிடித்த பளபள சட்டை, தொடையோடு ஒட்டிய கால்சட்டை, அதற்குள்ளே தைத்த மெத்தை. அந்த மெத்தைக்குப் பூசிக்கொள்ளும் களிம்பு எது உசத்தி என்று வெட்டவெளியில் சத்தமாக விவாதிப்பார்கள். கையில் தெம்புக்காக உறிஞ்சும், பிசுபிசுவென்ற ஒரு ஜெல் பாக்கெட். அதைப் பல்லால் கிழித்து உறிஞ்சி, ஒழுகும் உறையை முதுகுப் பையில் செருகிவிட்டு, அதே கையை நீட்டி "ஹாய் சிஸ்டர்" என்பார்கள். அங்கே நான் கையுறையைக் கழற்றியதே இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் நான்தான். ஏன் போனாய் என்று கேட்டால், எனக்குச் சரளைப் பாதை பிடிக்கும். டப்ளினுக்குப் பின்னால் இருக்கும் குன்றுகளில் கோடையில் புல் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும். மாட்டுச் சாணம், நெருஞ்சி முள், திறந்து மூட வேண்டிய கம்பி கேட்டுகள், நடுவே கல்லும் மண்ணுமாக ஒரு தடம். தார் ரோட்டில் வீட்டுக் கவலையை யோசித்துக்கொண்டே ஓட்டலாம். சரளையில் யோசித்தால் விழுவீர்கள். என் மண்டையை மூடி வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. தனியாக அந்தக் குன்றுகளில் போக இவர் விடவில்லை, இவரோடு போனால் கூட்டமும் கூடவே வந்தது. இவர் என்று நான் சொல்வது என் கணவரை.

கூட்டத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரே அப்படிக் கூப்பிடச் சொன்னார் என்பது என் சந்தேகம். மரியாதை கொடுத்து எழுதுவதற்கே எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் வயதில் மூத்தவர், பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

கேப்டனைப் பற்றி மேலே சொல்வதற்கு முன் என் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை, உயிர் போய்விடும். சென்னையில் இருந்தவரை இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பாயசம் குடித்தால் நாக்கு தடிக்கும், உதடு வீங்கும், பித்தம் என்பார்கள். ஒரு கல்யாணத்தில் மூச்சு முட்டி மண்டபத்துப் படியில் உட்கார்ந்தபோது, "பொண்ணு ரொம்ப நாசூக்கு" என்று ஒரு மாமி சிரித்தாள். அமெரிக்கா வந்த பிறகுதான் ஒரு டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்து, இதற்கு அலர்ஜி என்று பெயர் சொல்லி, மூச்சு முட்டினால் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசிப் பேனாவைக் கொடுத்து, குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் இது உன் இடுப்பில் இருக்க வேண்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நடிக்கவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பெயர் கிடைத்தும் நம் மக்களிடம் அது எடுபடவில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்கில் பொங்கலை நீட்டி, "முந்திரிய எடுத்து ஓரமா வெச்சிட்டு சாப்பிடும்மா, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்தாத ஆன்ட்டி அந்த ஊரில் கிடையாது. அப்போதெல்லாம் எனக்காகச் சண்டை போட்டவர் இவர்தான். ஒவ்வொரு பாத்திரமாகப் போய்க் கேட்பார். சட்னி அரைத்த மிக்ஸியில் அதற்கு முன் என்ன அரைத்தீர்கள் என்றுகூடக் கேட்பார். கேட்டுவிட்டுத் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினால் நான் சாப்பிடுவேன். இதை நான் மறைக்கக் கூடாது. அந்த மனிதர் அப்படித்தான் இருந்தார்.

கேப்டனுக்கும் ஒரு அலர்ஜி இருந்தது, வாயளவில். ரெஸ்டாரன்டில் வெஜிடேரியன் என்று சொன்னால் யாரும் மதிப்பதில்லையாம், கோழிச் சாறு ஊற்றிய சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்களாம். அதனால் "ஐ ஹாவ் சிவியர் அலர்ஜி" என்று ஆரம்பிப்பார். சர்வரின் முகம் மாறும். மேனேஜர் ஓடி வருவார். தனிச் சட்டி, தனிக் கரண்டி. கேப்டன் மாலை மரியாதை நடந்ததுபோல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். இந்த வித்தையை அவர் ஊருக்கே சொல்லிக் கொடுத்து, கடைசியில் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் மீன் அலர்ஜி, முட்டை அலர்ஜி, இறைச்சி அலர்ஜி. மேஜையில் நிஜமாகவே சாகக்கூடியவள் நான் ஒருத்திதான்.

போன வசந்தத்தில் சிசிலிக்குப் போகலாம் என்று முடிவானது. மத்தியதரைக் கடல் தீவு, உள்நாட்டில் ஆட்டு மந்தைகள் போன பழைய சரளைத் தடங்கள், ஊருக்கு ஊர் சின்னச் சின்ன விடுதிகள். நாங்கள் இரண்டு பேர், கேப்டன், கூட இன்னும் இரண்டு ஆண்கள். கேப்டன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

"எல்லா எடத்துக்கும் மெசேஜ் அனுப்பிச்சாச்சு" என்றார் கேப்டன். "நம்ம அஞ்சு பேருக்கும் சிவியர் அலர்ஜி. மீட், ஃபிஷ், எக், நட்ஸ், எல்லாம் ஒண்ணா சொல்லிட்டேன்."

"நட்ஸ் எனக்கு நிஜமாவே ஆகாது" என்றேன். "உங்க கதையோட அதச் சேத்துக் கலக்காதீங்க. எனக்குன்னு தனியா சொல்லுங்க."

"என்ன சிஸ்டர் நீங்க! எல்லாருக்கும்னு சொன்னா உங்களுக்கும் சேத்துத்தானே சேஃப்? டபுள் ப்ரொடெக்ஷன்!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். காரில் வரும்போது, "அவர் நல்லதுக்குத்தான் சொல்றார், விடு" என்றார். நான் விடவில்லை, ஆனால் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

சிசிலியின் பாதைகளைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளை வெளேர் என்று மண், இரண்டு பக்கமும் இடுப்புயரக் கோதுமை, வேலியாகச் சப்பாத்திக்கள்ளி, ஏறி இறங்கினால் குன்றின் உச்சியில் ஒட்டிக்கொண்டு ஓர் ஊர். சக்கரத்தின் கீழே கல் நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்கக் கூடாத இடம். கேப்டன் ஹேண்டில்பாரில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். குத்துப் பாட்டு அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க முட்டி மோதித் திரும்பியது. ஆட்டு மந்தை வந்தால் தலைக்கு மேல் ட்ரோனைப் பறக்க விடுவார். ஆடுகள் மிரண்டு சிதறும், இடையர் கத்துவார், கேப்டன் "நைஸ் ஷாட்" என்பார். மலை ஏறி முடித்ததும் நான்கு பேரும் நடுரோட்டில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், யார் எத்தனை வேகம் என்று. எதிரே கடல்வரை தெரியும். ஒருவரும் நிமிர மாட்டார். வழியெங்கும் பாதாம் தோப்பு. பச்சைக் காய்கள் ஹெல்மெட்டில் உரசுமளவுக்குத் தாழ்ந்து தொங்கின. என்னைக் கொல்லக்கூடியது இவ்வளவு அழகாகக் காய்த்து நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டே போனேன்.

இரண்டாவதாகத் தங்கிய விடுதியை நடத்தியவளுக்கு என் வயதுதான் இருக்கும், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு போடுவதற்கு முன் எங்களைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஆங்கிலம் தெரியாது. போனில் பேசினால் அது மொழிபெயர்த்துச் சொன்னது. அஞ்சு பேருக்குக் கடுமையான அலர்ஜி என்றதும் பயந்துவிட்டாளாம். பாத்திரங்களை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்திருந்தாள். வெட்டுப் பலகை புதிது. பாதாம் ஜாடியையும், கூரையில் தொங்கிய உப்பிட்ட பன்றித் தொடையையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். புருஷனையும் அங்கேயே போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டாளாம், அவன் இறைச்சி தின்ற கையோடு எதையாவது தொட்டு வைப்பான் என்று. சொல்லும்போது அவள் விரல்கள் வெந்நீரில் சிவந்து கிடந்ததைப் பார்த்தேன்.

கேப்டன் கட்டை விரலை உயர்த்தி "சூப்பர், சூப்பர்" என்றார். நான் நெஞ்சில் கை வைத்து, நட்ஸ் சாப்பிட்டால் நான் செத்துவிடுவேன் என்று போனில் சொன்னேன். அவள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். எல்லோரையும் போல என்னையும் நம்பினாள். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும் வழியில் அந்த ஊர்ச் சதுக்கத்தில் சந்தை கூடியிருந்தது. ஒருவன் கரியடுப்பில் பன்றி இறைச்சியைக் குடலில் அடைத்துச் சுருட்டிச் சுட்டுக்கொண்டிருந்தான். கேப்டனின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது.

"ட்ரை பண்ணலாம் பாஸ். இது எக்ஸ்பீரியன்ஸ். வீட்டுக்கு யாரும் சொல்லிடாதீங்க."

நான்கு பேரும் வாங்கினார்கள். ஆம், இவரும்தான். தின்பது அவரவர் வாய், அவரவர் வயிறு, எனக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. மாதா கோயில் விட்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள், அதில் அவளும் இருந்தாள். கறுப்பு உடையும் கைப்பையுமாக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள், கேப்டன் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றாள். அவர் தாடியெல்லாம் கொழுப்பு. வாயில் பாதி, கையில் பாதி. அவளுக்கு என்னவோ ஆபத்து என்றுதான் முதலில் தோன்றியிருக்க வேண்டும், கையை நீட்டிக்கொண்டு பதறி ஓடி வந்தாள்.

கேப்டன் மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தார். "டுடே நோ அலர்ஜி!"

அதைப் புரிந்துகொள்ள அவளுக்குப் போன் தேவைப்படவில்லை. நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. அதைப் பார்த்தபோது வந்த அருவருப்பு எனக்கு இன்னும் போகவில்லை. நான் அவளிடம் போய் என்னைக் காட்டி, நான் நிஜம், நான் நிஜம் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் உளறினேன். அவள் தாடைக்குக் கீழே விரல்களை முன்னால் உதறினாள். போ, உன் பேச்சு எனக்குத் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். வெந்நீரில் சிவந்த அதே விரல்கள்.

அன்று மத்தியானச் சாப்பாடு மலைக்கு அந்தப் பக்கம், அவளுடைய அண்ணன் பண்ணையில். அதுவும் முன்பே ஏற்பாடு ஆனது. வெயிலில் கல் உருண்டு சறுக்கும் ஏற்றம், பாதி தூரம் சைக்கிளைத் தள்ளினேன். போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பெரிய மீசை, பெரிய சிரிப்பு. தங்கை போன் பண்ணி எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. கேப்டன் முதுகில் தட்டி, "அலர்ஜியா! அலர்ஜியா!" என்று கண்ணடித்தார். கேப்டனும் விழுந்து விழுந்து சிரித்தார்.

மரத்தடியில் மேஜை. சிவப்பாக ஒரு சாந்தில் புரட்டிய பாஸ்தா. பார்க்க நம் தக்காளித் தொக்கு மாதிரியே இருந்தது. நான் போனை எடுத்து, இதில் நட்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணன் மறுபடியும் கண்ணடித்து, இல்லை இல்லை என்று இரண்டு கையையும் விரித்தார். அந்த 'இல்லை'யில் விளையாட்டு இருந்தது. நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க கேளுங்க. அவர் என்னை நம்பல. கிச்சனுக்குள்ள போய்ப் பாத்துட்டு வாங்க."

"எல்லாம் மெசேஜ்ல சொல்லியாச்சு" என்றார் இவர். வாயில் ரொட்டி. "எல்லாரும் பசியில இருக்காங்க. சீன் போடாத. சாப்பிடு." சொல்லிவிட்டுத் தலையாட்டினார்.

நான் சாப்பிட்டேன். ஒரே வாய்தான். தக்காளிக்கு அடியில் பாதாம் அரைத்துப் போட்டிருந்தது நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. துப்பினேன். அதற்குள் உதடு தடித்து, காது அடைத்து, தொண்டைக்குள் யாரோ கையை விட்டு மூடுவதுபோல் இருந்தது. இடுப்புப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கால்சட்டையோடு சேர்த்துத் தொடையில் குத்தி அழுத்திக்கொண்டேன். இவர் "என்னாச்சு, என்னாச்சு" என்று எழுந்து நின்றார். கேப்டன் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஜெல் ஒன்றை நீட்டினார் என்றுகூட ஞாபகம்.

ஓடியவர் அண்ணன் மட்டும்தான். முகம் சுண்ணாம்பாகிப் போய், வண்டியைக் கிளப்பி, என்னை அள்ளி முன்சீட்டில் போட்டு, நாங்கள் தள்ளிக்கொண்டு வந்த அதே கல் பாதையில் இறங்கினார். அழுதுகொண்டே ஓட்டினார். வழியெல்லாம் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார், மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். பின்சீட்டில் இவர் என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்ன ஆஸ்பத்திரி. ட்ரிப் ஏற்றினார்கள், மூச்சு மெல்லத் திரும்பியது. டாக்டர் இளம்பெண், நன்றாக இங்கிலீஷ் பேசினாள். தங்கையும் வந்துவிட்டாள், அண்ணனோடு கதவோரம் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கேப்டனும் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். டாக்டர் இவரிடம் கேட்டாள். உங்கள் ஐந்து பேருக்குமே கடுமையான அலர்ஜி என்று இவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்து பேரும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் எல்லோரையும் நான் பரிசோதிக்க வேண்டும். யார் யாருக்கு என்ன அலர்ஜி?

கேப்டன் இவரைப் பார்த்தார். ஒரு சின்னத் தலையசைப்பு. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாம், எல்லாருக்கும்தான்" என்றார் டாக்டரிடம் இங்கிலீஷில். "ஆனா எங்களுக்கு மைல்ட். இவளுக்குத்தான் கொஞ்சம் அதிகம். பண்ணைக்காரர் கவனமா இருந்திருக்கணும்."

கையில் ஊசியோடு படுத்திருந்தேன். பத்தடி தூரத்தில் அந்த அண்ணன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். என்னைக் கொல்லப் பார்த்தது பாதாம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சீ என்று போய்விட்டது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டைக் கழுவி ஒரே படுக்கையில் படுத்த மனிதனைப் பார்த்து, சாக்கடையை மிதித்த காலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"டாக்டர்" என்றேன். குரல் தகரம் மாதிரி வந்தது. "எனக்கு மட்டும்தான் அலர்ஜி. மற்ற நாலு பேரும் பொய் சொன்னார்கள். என் புருஷனும்தான். இப்போது சொன்னதும் பொய். இதை இந்த அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் அவர்கள் பாஷையில் சொல்லுங்கள்."

டாக்டர் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டே என்னருகில் வந்து நின்றாள். கேப்டன், "சிஸ்டர் ஷாக்ல இருக்காங்க" என்று பூசி மெழுகப் பார்த்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

அன்றிரவு என்னை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இன்னும் சில நாள் சைக்கிள் தொடக் கூடாது என்றார்கள். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வார்த்தையை மென்றார்.

"கேப்டன் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேணாம். தனியா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க போங்க. ரூட்ட முடிச்சிட்டு வாங்க."

கோபத்தில் சொன்னேன், போகமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். காலையில் போய்விட்டார்.

தங்கை வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நான் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. போனை எடுத்து எதுவும் கேட்கவில்லை. அவள் வைத்ததைச் சாப்பிட்டேன். பீன்ஸ் குழம்பு, கீரை, முட்டை, சுடச்சுட ரொட்டி. அலர்ஜி தெரிந்த நாளிலிருந்து யாரையும் கேட்காமல் நான் கை நனைத்தது அந்த வீட்டில்தான். அவள் ஒன்றும் கொஞ்சவில்லை. இப்படிப்பட்டவர்களோடு எதற்குச் சுற்றுகிறாய் என்று போனில் திட்டினாள். மொழிபெயர்ப்பு அதைப் பணிவாகச் சொன்னது, அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் டாக்ஸியில் வந்து இறங்கினார். மூக்கும் கழுத்தும் வெயிலில் உரிந்திருந்தன. மேஜை ஓரத்தில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். தங்கை எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள். பிறகு இன்னொரு தட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். உங்களுக்கு என்ன அலர்ஜி என்று அது கேட்டது.

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நீயே எதையாவது சொல்லேன் என்கிற பார்வை. அவள் தட்டைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள். என் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. நிதானமாக மென்றுகொண்டிருந்தேன்.